பேச்சு வராத பிள்ளையிடமும் கேட்க வேண்டும்: பயிற்சி மையத்தை மாற்றி அமைக்க வழி சொல்லுங்கள்

அரசலாற்றங்கரை (கேள்வி, ஆகஸ்ட்)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்கு டெல்டாவில் ஒரு கிராமம். என் பையனுக்கு 11 வயது, மூளை முடக்குவாதம். பேச்சு வராது. ஆனால் நாம் பேசுவது அத்தனையும் அவனுக்குப் புரியும். பிடித்தால் கண் விரியும், பிடிக்காவிட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வான். செவ்வாயும் வெள்ளியும் எங்கள் வட்டார மையத்துக்கு அவனைப் பயிற்சிக்குக் கொண்டுபோகிறேன். ஒரு அரசுப் பள்ளி வளாகத்துக்குள் இரண்டு அறைதான் மையம். பிசியோதெரபிஸ்ட் அந்த இரண்டு நாள் அங்கே இருப்பார், மற்ற நாட்களில் படுக்கையோடு இருக்கும் பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பார். சிறப்பாசிரியர்கள் இரண்டு பேர். மூவருமே மனசாட்சியோடு வேலை செய்கிறவர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கஷ்டம் எங்கே என்றால், எல்லோரையும் 10 மணிக்கு வரச் சொல்வார்கள். எங்கள் ஊர் பஸ் 8:40க்கு. அதை விட்டால் 11:15. அதனால் 9:30க்கே போய் உட்கார்ந்துவிடுவோம். மொத்தம் 18 பிள்ளைகள், தெரபிஸ்ட் ஒருவர். என் பையன் முறை வரும்போது பெரும்பாலும் 12:30 ஆகிவிடும். அதற்குள் பசி, தூக்கம், எரிச்சல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். 20 நிமிடப் பயிற்சியில் 15 நிமிடம் அழுகைதான். அவன் இப்போது 26 கிலோ. இடுப்பில் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். கழிப்பறையில் தரையோடு பதித்த கோப்பை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. சாய்தளம் ஒன்று கட்டியிருக்கிறார்கள், சக்கர நாற்காலியைத் தள்ளினால் பின்னால் சரிந்து வருகிறது.

போன வருடம் பெற்றோர் கருத்துக் கேட்பு என்று ஒரு கூட்டம் நடந்தது. நாங்கள் 30 பேர் போனோம். ஒரு மணி நேரம் திட்டங்களைப் பற்றிப் பேசினார்கள். டீ, முறுக்கு கொடுத்தார்கள். பிள்ளைகளை முன்வரிசையில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். யாரும் எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இந்த வருடம் புதிதாக ஒரு சிறப்பாசிரியர் வந்திருக்கிறார். மையத்துக்கு இன்னொரு அறை கிடைக்கும் போலிருக்கிறது, நேர அட்டவணையும் மாறப்போகிறது. அவர் என்னைக் கூப்பிட்டு, "என்ன வேணும், என்ன வேண்டாம்னு நீங்க எல்லாரும் பேசி எழுதிக் கொடுங்கம்மா, அதை வச்சு நான் மேலே பேசறேன்" என்றார். உண்மையாகவே கேட்கிறார். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இதைக் கெடுத்துவிடக் கூடாது என்கிற பயம்தான்.

மற்ற அம்மாக்களிடம் பேசினால், "டீச்சர் பாத்து எது செஞ்சாலும் சரி" என்கிறார்கள். வாயைத் திறந்தால் மாதா மாதம் வரும் உதவித்தொகைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று இரண்டு பேர் பயப்படுகிறார்கள். பாதிப் பேர் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையைத் தினமும் பார்த்துக்கொள்வது பாட்டி, கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவது அப்பா.

பிள்ளைகளிடமும் கேட்கலாம் என்று நான் சொன்னபோது ஒருவர், "பேச்சே வராத பிள்ளைகிட்ட என்னத்தக் கேக்கப் போற?" என்றார். அந்த வார்த்தை இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் என் பையன் ஏழு மாதம் மையத்து வாசலிலேயே அழுதான். பயிற்சிக்குப் பயப்படுகிறான் என்றுதான் நான் நினைத்தேன், அதட்டிக்கூட இருக்கிறேன். ஒருநாள் வெள்ளையடிப்பதற்காக அடுத்த அறையில் பயிற்சி வைத்தார்கள். அன்றைக்கு அழவே இல்லை. பிறகுதான் கண்டுபிடித்தோம், அந்த முதல் அறைச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடுகிறது. அந்தச் சத்தம் அவனுக்குத் தாங்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால் ஏழு மாதம் ஆகியிருக்காது.

பேசாத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? பேசத் தயங்கும் பெற்றோரை எப்படிப் பேசவைப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். எனக்கு இரண்டு மாதம் நேரம் இருக்கிறது.


வைகைக்கரை டீச்சர்

அம்மா, நான் 14 வருடமாகச் சிறப்பாசிரியர். உங்கள் மோட்டார் கதையை எங்கள் வள மையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நாங்கள் படிப்பில் தெரிந்துகொள்ளாததை நீங்கள் ஏழு மாதம் அவஸ்தைப்பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். உங்கள் போனில் மையத்தின் ஒவ்வொரு இடத்தையும் ஒவ்வொரு வேலையையும் படம் எடுங்கள். பாய், பந்து, நிற்கவைக்கும் பலகை, சாப்பிடும் இடம், கழிப்பறை, வாசல், பஸ். ஜெராக்ஸ் கடையில் உள்ளங்கை அகலத்துக்குப் பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சமயத்தில் இரண்டு படம் மட்டும் காட்டுங்கள். எந்தப் பக்கம் கண் போகிறது, எதில் நிற்கிறது என்று பாருங்கள். காட்டிவிட்டு மனதுக்குள் 10 வரை எண்ணிக்கொண்டு பொறுத்திருங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம். நம்மால் 3 நொடிக்கு மேல் சும்மா இருக்க முடியாது, உடனே "இதானே கண்ணு?" என்று நாமே பதில் சொல்லிவிடுவோம்.

அப்புறம் அதே இரண்டு படத்தை இடம் மாற்றி வையுங்கள். சில பிள்ளைகளுக்கு வலப்பக்கம் பார்ப்பதுதான் எளிது, எதை வைத்தாலும் வலப்பக்கமே பார்ப்பார்கள். அதை விருப்பம் என்று எழுதிவிடக் கூடாது. மூன்று வேறு நாட்களில், மூன்று வேறு மனநிலையில் கேட்டு ஒரே பதில் வந்தால் நம்புங்கள். தொடங்கும்போது பதில் உங்களுக்கே தெரிந்த ஒன்றில் தொடங்குங்கள். அவனுக்குப் பிடித்த தின்பண்டம் ஒன்று, பிடிக்காதது ஒன்று. அதில் சரியாகக் காட்டினால் அவனுக்கு விளையாட்டு புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கையை அசைக்க முடிகிற பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை கொடுப்பேன். சிரிக்கும் முகம், சும்மா இருக்கும் முகம், அழும் முகம் என்று மூன்று கட்டம். படத்தை எந்தக் கட்டத்தில் வைக்கலாம் என்று அவர்கள் கொட்டை வைத்துக் காட்டுவார்கள். ஸ்காட்லாந்தில் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் 'டாக்கிங் மேட்ஸ்' என்று இதைப் போலவே ஒரு முறையை உருவாக்கி, பேச்சு இல்லாதவர்களின் கருத்தைக் கேட்கப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். பணம் கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை, உங்கள் மையத்துப் படங்களே போதும்.

பேசும் பிள்ளைகளாக இருந்தால் கேள்வியே கேட்காதீர்கள். போனை அவர்கள் கையில் கொடுத்து, "பிடிச்சதையும் பிடிக்காததையும் போட்டோ எடுத்துட்டு வா" என்று அனுப்புங்கள். ஒருமுறை 9 வயதுப் பையன் ஒருவன், தவழ்ந்துதான் போவான், 10 படம் எடுத்துவந்தான். அதில் 8 படத்தில் பெரியவர்களின் முழங்கால்தான் இருந்தது. அவன் நாள் முழுக்கப் பார்ப்பது அதைத்தான். அன்றிலிருந்து நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் அவனிடம் பேசுகிறோம்.

ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யூனிசெஃப்புக்காக எழுதியதில் ஒரு ஏணி வரும், பிள்ளைகளின் பங்கேற்புக்கு 8 படிகள். கீழே இருக்கும் மூன்று படிகளைப் பங்கேற்பாகவே அவர் கணக்கில் எடுப்பதில்லை. பிள்ளைகளைக் கைப்பாவையாக்குவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குச் சேர்த்துக்கொள்வது. உங்கள் போன வருடப் போட்டோ இரண்டாம் படி. நீங்கள் இப்போது ஐந்தாம் படிக்குப் போகப் பார்க்கிறீர்கள். எதற்காகக் கேட்கிறோம் என்று பிள்ளைக்குச் சொல்லி, கேட்டு, கேட்டதைக் கணக்கில் எடுப்பதுதான் அந்தப் படி.

ஒன்று மறந்துவிடாதீர்கள், அண்ணன் தம்பி அக்கா தங்கைகளிடமும் கேளுங்கள். அவர்களை யாருமே கேட்பதில்லை.


அறுபது அடி

எனக்கு 26 வயது. எனக்கும் மூளை முடக்குவாதம்தான், கால்களில் மட்டும். 8 வயதிலிருந்து 15 வயது வரை இப்படி ஒரு மையத்துக்குப் போய்வந்தேன். அந்தப் பிள்ளைகளின் பக்கத்தில் இருந்து ஒன்றிரண்டு சொல்லலாமா?

ஒரு முகாமில் எனக்குக் காலணியோடு சேர்ந்த இரும்புக் கம்பி அளவெடுத்துக் கொடுத்தார்கள். அளவெடுத்தவர் என் அம்மாவிடம்தான் கேட்டார், "பையனுக்கு வலிக்குதாம்மா?" என்று. அம்மா என்ன செய்வார், "இல்லைங்க" என்றார். எனக்கு வலித்தது. கணுக்காலுக்கு மேலே அழுத்தியது. நன்றாகப் பேசத் தெரிந்த 9 வயதுப் பையன் நான், என்னிடம் யாரும் கேட்கவில்லை. அது இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. நான்கு தடவைகூடப் போட்டிருக்க மாட்டேன். அவ்வளவு பணமும் உழைப்பும் போட்டுச் செய்த பொருள்.

அப்புறம் ஒரு தெரபிஸ்ட் வந்தார். வந்த முதல் நாளே என் எதிரில் தரையில் உட்கார்ந்து, "நீ தனியா எங்க போகணும்னு ஆசைப்படற?" என்று கேட்டார். எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடைக்கு என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து வாசலிலிருந்து கடைவரை அடி வைத்து எண்ணிப் பார்த்தார், அறுபது அடி. நடுவில் ஒரு சாக்கடைப் பலகை. அதற்கப்புறம் எனக்கு நடந்த பயிற்சி எல்லாமே அந்த அறுபது அடிக்காகத்தான். பலகையில் திரும்புவதற்கே ஒன்றரை மாதம் பழகினோம். அழாமல் செய்தேன், ஏனென்றால் அது என் கடை. எட்டு மாதம் கழித்து நானே போய்க் கடலைமிட்டாய் வாங்கிவந்தேன்.

அதனால் 'மையத்தில் என்ன வேண்டும்' என்பதோடு நிறுத்திவிடாமல் 'உனக்கு என்ன செய்ய ஆசை' என்றும் கேளுங்கள் அக்கா. இது நாம் யாரிடமும் கெஞ்சிக் கேட்கிற சலுகையும் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் இருக்கிறது. தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்ல மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு மற்றவர்களுக்குச் சமமான உரிமை உண்டு, வயதுக்கும் குறைபாட்டுக்கும் ஏற்ற உதவியை அதற்குத் தர வேண்டும் என்று. பேச்சு வராத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்பது அந்த உதவிதான். உங்களிடம் அப்படிக் கேட்டவருக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கழிப்பறை பற்றிய பேச்சைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எடுக்காதீர்கள். 12, 13 வயதுப் பெண் பிள்ளைகளை நினைத்துச் சொல்கிறேன். தனியாக, ஒரு பெண் ஆசிரியர் கேட்கட்டும்.


விருதுநகர் எஸ்எம்சி அக்கா

நான் எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்தவள். உங்கள் பட்டியலில் பணம் வேண்டியது, பணம் வேண்டாதது என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் அம்மா. நேரம் மாற்றுவதற்கு ஒரு பைசா செலவில்லை, அது ஆசிரியரும் தெரபிஸ்டும் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம். கழிப்பறையும் சாய்தளமும் தீர்மானமாக வர வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும். 2012இல் சட்டத்தைத் திருத்தியபோது மாற்றுத்திறன் குழந்தைகளையும் அந்தப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். ஆக உங்கள் பிள்ளை பெயர் எந்தப் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறதோ அந்தப் பள்ளிக் குழுவில் உங்களைப் போன்றவர்களுக்கு இடம் கேட்கலாம். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது 22ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவின் வேலை. மையம் இருக்கும் பள்ளியின் குழுவில் கழிப்பறைக்குத் தீர்மானம் போட்டு, பெற்றோருக்கான அரசுச் செயலியில் ஏற்றச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். செயலியில் ஏறியதற்கு நாளைக்குப் பதில் கேட்கலாம்.

சாய்தளத்துக்கு அளவோடு எழுதுங்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. தரையிலிருந்து 2 அடி உயரம் ஏற வேண்டும் என்றால் சாய்தளம் 24 அடி நீளம் வேண்டும். உங்கள் மையத்தில் டேப் வைத்து அளந்து பாருங்கள், 6 அடியோ 8 அடியோதான் இருக்கும். அதனால்தான் நாற்காலி சரிகிறது. "சாய்தளம் சரியில்லை" என்று எழுதினால் "இருக்கிறதே" என்பார்கள். அளவை எழுதினால் அப்படிச் சொல்ல முடியாது.

பிள்ளைகள் பேசுவதை ஊர் உட்கார்ந்து கேட்பது புதிதும் இல்லை. கர்நாடகத்தில் ஊராட்சிகளில் 'மக்கள கிராம சபை' என்று பிள்ளைகளுக்காகவே ஒரு சபை நடத்துகிறார்கள். கன்னடத்தில் மக்கள் என்றால் பிள்ளைகள். நாமும் மக்கட்பேறு என்று சொல்கிறவர்கள்தானே. கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பில் பிள்ளைகளுக்குப் பாலசபை இருக்கிறது. நம் கிராம சபையில் 18 வயது ஆனவர்களுக்குத்தான் இடம், ஆனால் பிள்ளைகள் சொன்னதை அம்மாக்கள் எழுந்து படித்தால் யாரும் தடுக்க முடியாது. அக்டோபர் 2 வருகிறது, நவம்பர் 1 வருகிறது. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தை வேலை நாளில் வைக்காதீர்கள். நூறு நாள் வேலையில் காலையில் ஒன்று, மதியத்துக்கு மேல் ஒன்று என்று வருகைப் பதிவுக்குப் போட்டோ எடுப்பார்கள். அதை விட்டுவிட்டு எந்தத் தாயும் வர மாட்டாள், வரச் சொல்வதும் நியாயமில்லை.


நெசவுத்தெரு அப்பா

எல்லோரும் நல்லதைச் சொல்கிறீர்கள், நான் ஒரு எச்சரிக்கை சொல்கிறேன். என் மகளுக்கு அறிவுசார் குறைபாடு. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊரில் ஒரு கூட்டத்தில் அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஊஞ்சல் என்றாள். கைதட்டினார்கள். ஒரு வருடம் தினமும் காலையில் எழுந்ததும் "ஊஞ்ச வந்துச்சா?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்வது? இப்போது யாராவது எது கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிறாள். அவளைக் கேட்காமல் விட்டிருந்தாலே நல்லது என்று தோன்றுகிறது. கொடுக்க முடியாததைக் கேட்காதீர்கள்.


அரசலாற்றங்கரை

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொல்வது சரி, ஆனால் கேட்காமல் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. உங்கள் மகளிடம் யாராவது திரும்பி வந்து, "கேட்டோம்டா, கிடைக்கல, அடுத்த வருஷம் மறுபடி கேப்போம்" என்று சொல்லியிருந்தால் அவளுக்கு இப்படி ஆகியிருக்குமா? எங்கள் டீச்சரிடம் இதைச் சொல்கிறேன். கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில், கிடைக்காது என்றாலும் அதையும் பிள்ளையிடமே சொல்வது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு இறங்குகிறோம்.


வைகைக்கரை டீச்சர்

அப்படியே செய்யுங்கள் அம்மா. அண்ணனுக்கும் ஒன்று. உங்கள் மகளுக்கு இப்போதும் அந்தப் பதிலைச் சொல்லலாம், இரண்டு வருடம் தாமதமானாலும். வேப்பமரக் கிளை இருந்தால் ஒரு சேலை போதும் ஊஞ்சலுக்கு. அகலமாக மடித்து, இடுப்பைச் சுற்றி ஒரு துண்டு கட்டிவிடுங்கள்.


நெசவுத்தெரு அப்பா

சேலைக்கு எங்கள் தெருவில் பஞ்சமில்லை டீச்சர். செய்கிறேன்.


அரசலாற்றங்கரை (அக்டோபர் கடைசி)

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடத்திலிருந்தே தொடங்கிவிட்டது. கோயில் மண்டபம் விசாலமாக இருக்கும் என்று அங்கே கூட்டம் வைக்கப் பார்த்தேன். முதல் நாள் சாயங்காலம் ஒரு அம்மா வீட்டுக்கு வந்து, மண்டபம் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, எனக்கே முன்னால் தோன்றியிருக்க வேண்டும். நூலகக் கட்டடத்துக்கு மாற்றினோம். ஞாயிறு மதியம் 3 மணி. 18 குடும்பத்தில் 11 குடும்பம் வந்தது. வர முடியாத 4 வீட்டுக்கு எங்கள் டீச்சரும் நானும் போனோம். மூன்று பேரைப் பிடிக்கவே முடியவில்லை.

ஆரம்பத்தில் யாரும் பேசவில்லை. "சரிங்க டீச்சர்" என்பதுதான். டீச்சர் ஒரு காரியம் செய்தார், பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அதற்கப்புறம்தான் ஒரு பாட்டி, "பேரனைத் தூக்கிட்டு வந்து நிக்கறேன், ஒக்கார ஒரு பெஞ்சு இல்ல" என்றார். மடை திறந்துவிட்டது. உபகரணம் வேண்டும், பொம்மை வேண்டும் என்பார்கள் என்று நினைத்திருந்தேன். யாரும் அதைச் சொல்லவில்லை. அத்தனை பேரும் சொன்னது நேரம்தான். பஸ் நேரம், சாப்பாட்டு நேரம், காத்திருக்கும் நேரம். உதவித்தொகை பயத்துக்கு டீச்சர் திரும்பி வந்ததும் எல்லோர் முன்னாலும் பதில் சொன்னார். இங்கே பேசுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, யார் என்ன சொன்னார் என்று பெயர் போட்டு எழுதவும் போவதில்லை என்று.

கூடப்பிறந்த பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்தோம். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், தம்பியைக் கூட்டிக்கொண்டு வருகிறவள். வெள்ளிக்கிழமை தோறும் அவளுக்கு ஆப்சென்ட். வெள்ளிக்கிழமைதான் கணக்குத் தேர்வு வைப்பார்களாம். வீட்டில் சொன்னதே இல்லை. அவள் அம்மா அதைக் கேட்டதும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தெரபிஸ்ட் வியாழக்கிழமை அந்தப் பக்கம்தான் வீட்டுப் பயிற்சிக்குப் போகிறார். இனி அந்தத் தம்பிக்கு வியாழன் வீட்டிலேயே பயிற்சி. செவ்வாய் மட்டும் மையம், அன்றைக்கு எங்கள் பஸ்ஸில் நான் அவனையும் சேர்த்துக் கூட்டிப்போகிறேன். இவ்வளவு எளிதாகத் தீர்கிற விஷயம் ஒன்றரை வருடமாக ஒரு பெண் பிள்ளையின் படிப்பைத் தின்றுகொண்டிருந்தது.

போட்டோ எடுக்க 7 பிள்ளைகளிடம் போன் கொடுத்தோம். அதில் மூன்று பேர் ஒரே பொருளை எடுத்திருந்தார்கள், பொம்மை அலமாரியின் பூட்டு. தொலைந்துவிடும் என்று யாரோ எப்போதோ பூட்டியது, அதற்கப்புறம் ஆய்வுக்கு யாராவது வரும்போதுதான் திறப்பது. டீச்சர் படங்களைப் பார்த்தார், எழுந்து போய்ப் பூட்டைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

என் பையனுக்கு வருகிறேன். முதல் நாள் இட்லியும் பாகற்காயும் காட்டினேன். இட்லிப் படத்தை விட்டுக் கண்ணே எடுக்கவில்லை, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்புறம் மையத்துப் படங்கள். அறைக்குள் இருக்கும் பாய், வெளியே வேப்பமரத்தடி. மரத்தைப் பார்த்தான். இடம் மாற்றி வைத்தேன், மரத்தைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை, அடுத்த செவ்வாய், மறுபடியும் மரம்தான். தெரபிஸ்டிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அதுக்கென்ன, பாயை எடுங்க" என்று வெளியே விரித்துவிட்டார். இப்போது மழைக்காலம், அதனால் மரத்தைப் பார்த்தபடி தாழ்வாரத்தில் நடக்கிறது. பயிற்சி முடியும்வரை அழுவதில்லை, கடைசி ஐந்து நிமிடம் மட்டும் சிணுங்குகிறான்.

நேரத்தை பஸ்ஸை வைத்துப் பிரித்துவிட்டார்கள். 8:40 பஸ் பிள்ளைகளுக்கு 9:30லிருந்து 11 வரை. அடுத்த பஸ் பிள்ளைகளுக்கு அந்த பஸ் வந்து சேர்ந்ததும். நான் முடிந்ததும் திரும்பும் பஸ்ஸைப் பிடித்து மதியச் சமையலுக்கு வீட்டில் இருக்கிறேன்.

டீச்சர் ஒரு பெரிய தாளில் கேட்டதையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். பக்கத்தில் 'ஆச்சு', 'கேட்டிருக்கோம்', 'இப்போ முடியாது' என்று. கழிப்பறையும் சாய்தளமும் 'கேட்டிருக்கோம்'. அளந்தேன் அக்கா, உயரம் 2 அடிக்குக் கொஞ்சம் குறைவு, சாய்தளம் 7 அடி. தீர்மானத்தில் அளவோடு எழுதிச் செயலியிலும் ஏற்றியாகிவிட்டது, இன்னும் பதில் வரவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊரிலும் எழுந்து படித்தேன், கை நடுங்கியது, ஆனாலும் முழுதும் படித்தேன். இன்னொரு தெரபிஸ்ட் வேண்டும் என்பது 'இப்போ முடியாது'. அதைப் பிள்ளைகளிடமும் டீச்சர் படம் காட்டிச் சொன்னார். பெஞ்ச் கேட்ட பாட்டி என்னைத் தாளுக்கு முன்னால் நிறுத்தி இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பெஞ்ச் 'ஆச்சு'.

சரியாக வராததையும் சொல்ல வேண்டும். அப்பாக்கள் இரண்டு பேர்தான் வந்தார்கள். கழிப்பறை பற்றிப் பெண் பிள்ளைகளிடம் தனியாகத்தான் கேட்டோம் தம்பி, நீங்கள் சொன்னபடியே. ஒரு பிள்ளை அந்த ஒரு காரணத்துக்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிறாள் என்று தெரிந்தது. கழிப்பறை கட்டும்வரை என்ன செய்வது என்று இன்னும் வழி தெரியவில்லை. பக்கத்துப் பள்ளியில் மேற்கத்திய கோப்பை உள்ள கழிப்பறை ஒன்று இருக்கிறது, சாவி கேட்டிருக்கிறோம்.

மனதை அரிப்பது இன்னொன்று. காது கேட்காத 10 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். வீட்டில் அவளும் அவள் அம்மாவும் தாங்களே உண்டாக்கிக்கொண்ட சைகையில் பேசுகிறார்கள். அவள் கருத்தென்று நாங்கள் எழுதியது எல்லாம் அம்மா சொன்னது. அவள் கையை வேகமாக ஆட்டி எதையோ திரும்பத் திரும்பச் சொன்னாள், அம்மாவுக்கே பாதிதான் புரிந்தது. அவளைச் சரியாகக் கேட்டோம் என்று என்னால் சொல்ல முடியாது. தஞ்சாவூர், திருச்சி பக்கத்தில் சைகை மொழி தெரிந்த யாராவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? அவளோடு சைகையில் பேசிப் பழக, காது கேட்காத ஒரு அக்காவோ அண்ணனோ வந்தால் இன்னும் நல்லது. பஸ் காசும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.